ஜனாஸாவுக்காக வீதிக்கு வந்தது மார்க்கத்தில் கூடாததா?

2024 ஜூலை 26, வெள்ளி (கேள்வி)

கொரோனா காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (இறந்தவர் உடல்களை) எரித்ததற்கு இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டதைப் பற்றி இன்று ஜும்ஆ முடிந்து பள்ளியில் பேசிக்கொண்டிருந்தோம். ஹஸ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருவர் சொன்னார்: "மன்னிப்புக் கேட்டது நல்ல விஷயம். ஆனால் அன்றைக்கு ஆர்ப்பாட்டம் என்று கிளம்பியது மார்க்கத்தில் இல்லாதது. ஆட்சியாளரிடம் தனியாகப் போய்ச் சொல்வதுதான் சுன்னா (நபிவழி). மற்றதெல்லாம் காபிர்களைப் பார்த்துப் படித்தது." நானும் பொரளை மையான வாசலுக்குப் போய் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டியவன். அது பாவமா? தௌபா (பாவமன்னிப்பு) செய்ய வேண்டுமா?

ஜூலை 26, இரவு

தௌபா தேவையில்லை தம்பி. நீங்கள் செய்தது ஆகுமான (மார்க்கத்தில் அனுமதியுள்ள) காரியம். ஆயுதம் இல்லை, பொய் இல்லை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை, கேட்டதோ மையித்தை (இறந்தவரை) அடக்கும் உரிமை. நான் முஃப்தி இல்லை. இருபக்கத்து உலமாக்களும் சொன்னதைப் பல வருஷமாகப் படித்துக் கேட்டு வந்தவன், அவ்வளவுதான். ஆதாரங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஹஸ்ரத்தை யாரும் இங்கே ஏச வேண்டாம். அவர் சொல்வதற்கும் ஹதீஸ் இருக்கிறது.

ஜூலை 27, சுபஹுக்குப் பிறகு

கூடாது என்பவர்கள் முதலில் எடுப்பது கட்டுப்படுதல் பற்றிய ஹதீஸ்களை. ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: உன் முதுகில் அடித்தாலும் உன் சொத்தைப் பறித்தாலும் கேட்டு நட, கட்டுப்படு. "முதுகில் அடித்தாலும்" என்ற அந்தப் பகுதியின் அறிவிப்பாளர் தொடர் அறுந்தது என்று தாரகுத்னீ போன்ற இமாம்கள் விமர்சித்திருக்கிறார்கள். சரி, அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது *என்* முதுகில் விழும் அடிக்கு நான் பொறுமையாக இருப்பதைத்தான் சொல்கிறது. அடுத்த வீட்டாரின் முதுகில் அடி விழும்போது நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது?

இதைவிடத் தெளிவானது உபாதா இப்னு ஸாமித் (ரலி) சொன்ன பைஅத். புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கஷ்டத்திலும் இலேசிலும் கேட்டு நடப்போம், அதிகாரத்தில் இருப்பவர்களோடு அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டோம் என்று ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி கொடுக்கிறார்கள். குத்பாவில் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த உறுதிமொழியின் மீதி: எங்கே இருந்தாலும் உண்மையைச் சொல்வோம், அல்லாஹ்வின் விஷயத்தில் பழிப்பவரின் பழிப்புக்கு அஞ்ச மாட்டோம். ஒரே பைஅத்தில், ஒரே மூச்சில் சொன்ன இரண்டு கடமைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் ஹதீஸைப் பாதியில் வெட்டியதாகிவிடும்.

ஆட்சியாளருக்கு எதிராக வாளைத் தூக்குவதை எங்கள் இமாம்கள் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தார்கள் என்பது விளங்கக் கூடியதே. ஆட்சியை எதிர்த்தவர்கள் கொல்லப்பட்ட கர்பலாவும் ஹர்ராவும் அவர்கள் கண்முன் இருந்த இரத்தம். வெள்ளைத் துணி கட்டியவனை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

ஜூலை 27, பகல்

ஒரு சகோதரர், உமர் (ரலி) இஸ்லாத்தை ஏற்ற அன்று முஸ்லிம்கள் இரண்டு வரிசையாகக் கஃபாவுக்கு நடந்து போனார்களே, அதுதானே முதல் ஊர்வலம் என்று எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பின் தொடர் பலவீனமானது. இப்னு பாஸ் (ரஹ்) அவர்களும் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்குச் சாதகம் என்பதற்காகப் பலவீனமானதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். பலமானவை வேண்டிய அளவு இருக்கின்றன.

ஜூலை 28, ஞாயிறு

தனியாகச் சொல்வது பற்றி.

அஹ்மத் ஹதீஸ் தொகுப்பில் வரும் ஹதீஸ் இது. அதிகாரத்தில் இருப்பவருக்கு நஸீஹத் (அறிவுரை) செய்ய நினைப்பவர் அதைப் பகிரங்கமாகச் செய்யாமல், கையைப் பிடித்துத் தனியே அழைத்துச் சொல்லட்டும். ஏற்றால் நல்லது, இல்லாவிட்டால் இவர் தன் கடமையை நிறைவேற்றிவிட்டார். அறிவிப்பவர் இயாழ் இப்னு ஃகன்ம் (ரலி). தொடரை ஏற்றவர்களும் உண்டு, அறுந்தது என்றவர்களும் உண்டு.

இதை எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார்கள் என்பதையும் பாருங்கள். இயாழ் ஒரு மனிதருக்குச் சாட்டையடி கொடுக்க, ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) எல்லோர் முன்னாலும் கடுமையாகக் கண்டிக்கிறார். சில நாள் கழித்து வந்து வருத்தமும் தெரிவிக்கிறார். ஆனால் மக்களை வதைப்பவர்களுக்குத்தான் கடும் வேதனை என்ற ஹதீஸைச் சொல்லி, கண்டித்ததற்கான காரணத்தையும் வைக்கிறார். அப்போதுதான் இயாழ் மேலே உள்ளதைச் சொல்கிறார். இரண்டு ஸஹாபிகள், இரண்டு நிலைப்பாடுகள். ஒருவர் கையில் அதிகாரம், மற்றவர் கையில் ஒன்றுமில்லை.

அதே ஹிஷாம் முஸ்லிமில் வரும் இன்னொரு ஹதீஸில் ஷாம் (சிரியாப் பகுதி) தேசத்தில் நடந்து போகிறார். அங்கே குடியானவர்கள் சிலரை வெயிலில் நிறுத்தி, தலையில் எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார்கள். வரி பாக்கி. அவர்கள் முஸ்லிம்களும் இல்லை. ஹிஷாம் அந்த இடத்திலேயே சாட்சி சொல்கிறார்: மக்களை இவ்வுலகில் வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டேன். பிறகு அமீரிடமும் உள்ளே போய்ச் சொல்கிறார். அவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். வெளியேயும் சொன்னார், உள்ளேயும் சொன்னார்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச் கடைசியில் நீர்கொழும்பில் முதல் முஸ்லிம் மரணம். அன்றிருந்த சுகாதார வழிகாட்டலில் அடக்கவும் இடமிருந்தது. இருந்தும் எரித்தார்கள். ஏப்ரல் 11இல் எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தும், நிலத்தடி நீரால் நோய் பரவும் என்ற கதை இங்கே சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் வீதிக்கா ஓடினோம்? எம்.பி.மார் போனார்கள், உலமாக்கள் போனார்கள், டாக்டர்மார் கடிதம் எழுதினார்கள், கை பிடித்தும் காலில் விழாத குறையாகவும் பேசினார்கள். பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். டிசம்பர் 1ஆம் திகதி மனுக்களை விசாரணைக்கே எடுக்கவில்லை. தனியாகச் சொல்லும் சுன்னா எட்டு மாதமாக நிறைவேற்றப்பட்டது. கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகும் "தனியாகப் போய்ச் சொல்" என்றால், யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 29

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. பிறந்து 20 நாளான குழந்தையை டிசம்பர் 9இல் எரித்தார்கள். பெற்றோர் கையெழுத்துக்கூட வைக்கவில்லை. அந்த வாரம்தான் பொரளை மையானத்துக் கம்பி வாசலில் துணி கட்டத் தொடங்கியது.

அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கூட்டமோ மேடையோ ஒலிபெருக்கியோ கிடையாது. கொரோனா சட்டத்தில் கூடவும் முடியாது. ஒருவர் வருவார், கம்பியில் ஒரு வெள்ளைத் துண்டை முடிச்சுப் போடுவார், கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். அடுத்தவர் வருவார். லேஞ்சி (கைக்குட்டை), ரிப்பன், பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடச் சட்டையில் கிழித்த துண்டு. சிங்களவர்கள் கட்டினார்கள், பாதிரிமார் வந்து கட்டினார்கள். ராவோடு ராவாக எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்ததும் மறுபடி கட்டினார்கள். துணி கட்ட மையானம் தேவையில்லை என்று அப்புறம் வீட்டு வேலிகளிலும் கட்டத் தொடங்கினார்கள்.

எங்கள் உம்மா மக்காவிலிருந்து வந்த வருஷமே தனக்கென்று கபன் துணி (மையித்தைச் சுற்றி அடக்கும் துணி) கொண்டுவந்து, ஸம்ஸமில் நனைத்துக் காயவைத்து அலுமாரியில் வைத்திருந்தார். எத்தனையோ வீடுகளில் மூத்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். நான் பொரளைக்குப் போகிறேன் என்றதும் அந்தப் பொதியை அவிழ்த்து, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துத் தந்தார். "இதையே எங்களுக்குப் போடவிடாமல் பண்ணுறாங்களே, அப்ப இது யாருக்கு?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அந்தத் துண்டைத்தான் கட்டினேன். அதை பித்அத் (மார்க்கத்தில் புதிதாகச் சேர்த்தது) என்று சொல்பவரிடம் விவாதிக்க எனக்கு ஹதீஸும் தெரியும். ஆனால் முதலில் உம்மாவின் அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும்.

ஜூலை 31

சவூதி உலமாக்களின் ஃபத்வாக்களைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

இப்னு பாஸ், இப்னு உஸைமீன், ஸாலிஹ் அல் ஃபவ்ஸான் ஆகியோர் ஆர்ப்பாட்டங்களைத் தடுத்தவர்கள். 2011 மார்ச்சில், அரபு நாடுகள் கொதித்துக்கொண்டிருந்தபோது, சவூதி மூத்த உலமாக்கள் சபை அந்த நாட்டில் ஆர்ப்பாட்டம் கூடாது என்று அறிக்கை விட்டது. உள்துறை அமைச்சின் தடை வந்ததும் அதே நாட்களில்தான். மறுபக்கம் யூசுஃப் அல் கர்ளாவி சமாதானமான ஆர்ப்பாட்டம் ஆகும் என்று ஃபத்வா கொடுத்து, 2011 பெப்ரவரி 18இல் எகிப்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஜும்ஆவும் நடத்தினார். இரண்டு பக்கமும் ஆலிம்கள்தான்.

தடுத்தவர்களின் பயம் வீணான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்வலமாகத் தொடங்கியது கலவரமாகி, கலவரம் உள்நாட்டு யுத்தமான கதையை சிரியாவில் எல்லோரும் பார்த்தோம். அங்கே சுட்டது யார், பத்திரமாக இருந்தது யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் அந்த அறிக்கை மன்னரிடம் பைஅத் செய்த, ஆர்ப்பாட்டம் சட்டப்படியே தடுக்கப்பட்ட நாட்டுக்குச் சொன்னது. எங்கள் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சமாதானமாக ஒன்றுகூடும் உரிமையைத் தருகிறது. இந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படு என்றால், அந்தச் சட்டத்திலேயே வாயைத் திறக்க அனுமதி இருக்கிறதே. சட்டம் தந்ததைப் பாவித்தவரை ஆட்சியாளருக்கு மாறு செய்தவர் என்று எப்படிச் சொல்வது?

பித்அத், காபிர்களைப் பின்பற்றுவது என்ற வாதமும் நிற்கவில்லை. வணக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் பித்அத். உலக நடைமுறைகளில் தடை வராத வரைக்கும் எல்லாம் ஆகும் என்பது உஸூலில் (மார்க்கச் சட்டக் கோட்பாட்டில்) எல்லோருக்கும் தெரிந்த விதி. அகழ் தோண்டுவது பாரசீகர் முறை, ஸல்மான் (ரலி) சொல்ல நபியவர்கள் ஏற்றார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை ரோமர்கள் வாசிக்க மாட்டார்கள் என்றதும் வெள்ளி மோதிரம் செய்தார்கள், அது புஹாரியிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றைக்கு வேறொரு ஹதீஸ். எனக்கு இந்த விஷயத்தில் மனது நிறைந்தது இதைப் படித்த பிறகுதான்.

அபூதாவூதில், அபூஹுரைரா (ரலி) அறிவிப்பு. ஒரு மனிதர் பக்கத்து வீட்டுக்காரனின் தொல்லையைச் சொல்லி நபியவர்களிடம் முறையிடுகிறார். பொறுமையாக இரு என்கிறார்கள். மறுபடி வருகிறார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு, போய் உன் வீட்டுச் சாமான்களையெல்லாம் எடுத்துப் பாதையில் போடு என்கிறார்கள். அவர் போடுகிறார். போகிற வருகிறவர்கள் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள், இவர் சொல்கிறார். கேட்டவர்கள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரனைச் சபிக்கிறார்கள். கடைசியில் அவனே ஓடி வருகிறான்: வீட்டுக்குத் திரும்பிப் போ, இனி என்னிடமிருந்து உனக்குப் பிடிக்காத எதையும் பார்க்க மாட்டாய்.

முதலில் பொறுமை, தனியாகத் தீர்க்கப் பார்ப்பது. அது நடக்காதபோது அநியாயத்தை ஊர் பார்க்கும்படி வெளியில் கொண்டுவருவது. கைகலப்பு இல்லை, அவன் வீட்டில் கல்லெறியவில்லை, தன் சாமானைத்தான் வெளியே போட்டார். ஊரின் வாய் மீதியைச் செய்தது. சமாதானமான ஆர்ப்பாட்டம் வேலை செய்வதும் இப்படித்தானே? இது ஆட்சியாளர் விஷயமில்லை, அயலவர் விஷயம் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குர்ஆன் வசனம் பொதுவாக இருக்கிறது, 4:148. கெட்டதைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநியாயம் செய்யப்பட்டவரைத் தவிர. இதில் அநியாயம் செய்தவன் அயலவனா அமைச்சரா என்று பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 2, இஷாவுக்குப் பிறகு

ஆட்சியாளர் முன்னிலையிலேயே பகிரங்கமாக நடந்தது வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன்னால் குத்பாவை மாற்றியவர் மதீனாவின் ஆளுநர் மர்வான். ஒருவர் சபையில் எழுந்து, தொழுகைதான் முதல் என்று சொன்னார். அபூஸயீத் அல் குத்ரீ (ரலி) அவரை உட்கார் என்று சொல்லவில்லை. இவர் தன் கடமையைச் செய்துவிட்டார் என்றார்கள். கையால் மாற்று, முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் மனதால் என்று நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஹதீஸை அவர்கள் சொன்னது அந்த இடத்தில்தான். முஸ்லிமில் பாருங்கள்.

ஆகஸ்ட் 4

இப்போது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு. ஆகும் என்றதும் எல்லாம் ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதைக்கு உரிமை உண்டு. பாதையில் உட்காராதீர்கள், உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால் பாதையின் உரிமையைக் கொடுங்கள் என்ற ஹதீஸில், தொல்லை தராமலிருப்பதும் நன்மையை ஏவுவதும் ஒன்றாகவே வருகின்றன. அபூதாவூதில் இதைவிடக் கடுமையாக: ஒரு படையெடுப்பில் மக்கள் தங்குமிடத்தை நெருக்கி, பாதையை அடைத்தபோது, இடத்தை நெருக்கியவருக்கும் பாதையை மறித்தவருக்கும் ஜிஹாதே இல்லை என்று நபியவர்கள் ஆளனுப்பி அறிவிக்கச் செய்தார்கள். போர்க்களத்துக்குப் போகிறவர்களுக்கே அப்படியென்றால், பதாகை பிடிக்கிறவர்களுக்கு?

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த டெல்லி ஷாஹீன் பாக் பெண்களின் உறுதி மீது எனக்கு மிகுந்த மரியாதை. 2019 டிசம்பரிலிருந்து 2020 மார்ச் வரைக்கும் குளிரில் உட்கார்ந்தார்கள். ஆனால் பொதுப் பாதையைக் காலவரையறையில்லாமல் அடைக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொன்னதை ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) கண்ணால் பார்த்தாலும் என்னால் மறுக்க முடியவில்லை. பாதையில் மாட்டிக்கொண்ட நோயாளி எங்களுக்கு என்ன அநியாயம் செய்தார்? பொரளை துணி இந்த வகையில் உயர்ந்தது. ஒரு பஸ்கூட நிற்கவில்லை.

ஆகஸ்ட் 6

பங்களாதேஷ் செய்தி பார்த்திருப்பீர்கள். பிரதமர் ஷேக் ஹஸீனா மக்கள் போராட்டத்தால் நேற்று இந்தியாவுக்குப் போய்விட்டார். இங்கே சிலர் தக்பீர் முழங்குகிறார்கள், சிலர் "பார்த்தீர்களா, இதற்குத்தான் தடுத்தார்கள்" என்கிறார்கள்.

சுதந்திரப் போராளிக் குடும்பங்களுக்கான 30 வீத வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் கேட்டது நியாயமான விஷயம். ஜூலை 16இல் ரங்பூரில் அபூ சயீத் என்ற மாணவர் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றபோது சுட்டார்கள். அந்தப் பாவம் சுட்டவர்களுடையது. நேற்று பொலிஸ் நிலையங்களைக் கொளுத்தியதும் ஹிந்துக்களின் வீடுகளுக்குள் புகுந்ததும் கொளுத்தியவர்களுடைய பாவம், அதற்கு எந்த ஹதீஸும் நிழல் கொடுக்காது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதிக்குத் தள்ள வேண்டாம் என்று 5:8 இருக்கிறது. கோயில் வாசலில் காவலுக்கு நின்றவர்கள்தான் அதைப் படித்தவர்கள்.

எங்களுக்கு இது புதிதில்லை. 2022 ஏப்ரலில் அரசை எதிர்த்த காலிமுகத்திடல் போராட்டத்தில் சிங்களவரும் தமிழரும் தண்ணீர்ப் போத்தல் நீட்ட நாங்கள் இஃப்தார் செய்தோம். அடுத்த மாதம் 9ஆம் திகதி பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து வந்தவர்கள் அந்தக் கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். அன்றிரவே நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. எரித்தவர்களுக்குக் கோபப்படக் காரணம் இருந்தது. எரிக்க உரிமை இருக்கவில்லை.

ஆகஸ்ட் 9

பெண்கள் வரலாமா என்று ஒரு தாத்தா (அக்கா) கேட்டிருக்கிறார். தன் கணவர் மீது முறையிட்டு நபியவர்களிடம் வாதாடிய பெண்ணின் பேச்சை அல்லாஹ் கேட்டான் என்றுதான் 58ஆவது ஸூரா தொடங்குகிறது. உடை, பாதுகாப்பு, நெருக்கியடிக்காத இடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு தடை எனக்குத் தெரியவில்லை.

கொடும்பாவி எரிப்பது வேண்டாம். அமைச்சரின் தாயை இழுக்கும் கோஷங்களும் வேண்டாம். அஸர் நேரம் போய்விடுமளவுக்கு கோஷமும் வேண்டாம்.

ஆகஸ்ட் 11

"துணி கட்டி என்ன வந்தது? இம்ரான் கான் வந்ததால்தானே அனுமதி கொடுத்தார்கள்?"

2021 பெப்ரவரி 23இல் அன்றைய பாகிஸ்தான் பிரதமரான அவர் வந்தார், அந்த வாரமே வர்த்தமானி மாறியது, உண்மைதான். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடும் நேரமும் அது. ஆனால் இம்ரான் கானுக்கும் ஜெனீவாவுக்கும் இந்த அநியாயம் எப்படித் தெரிந்தது? பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரைக்கும் அந்த மாதத் தொடக்கத்தில் தமிழர்கள் நடந்த நடையில் ஜனாஸா எரிப்பும் ஒரு கோரிக்கையாக இருந்தது, கிழக்கில் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். எங்கள் மையித்துக்காக அடுத்த சமூகம் நடந்ததை நான் மறக்க மாட்டேன். மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன.

பலன் வந்ததா என்பதை வைத்து ஹுக்ம் (மார்க்கத் தீர்ப்பு) சொல்லவும் முடியாது. அனுமதி கிடைத்திராவிட்டாலும் கட்டியது ஆகுமானதுதான். ஜூலை 26இல் "ஆகும்" என்று எழுதினேன். இவ்வளவும் எழுதிய பிறகு யோசிக்கிறேன், அந்தக் குறிப்பிட்ட விஷயத்தில் அது போதாது. மையித்தை அடக்குவது ஃபர்ளு கிஃபாயா (சமூகத்தில் சிலராவது செய்தே ஆக வேண்டிய கடமை). அதைத் தடுத்தவர்களிடம் சொல்லக்கூடிய எல்லா வழியும் அடைபட்டு, பாதிப்பில்லாத ஒரு வழி மட்டும் மீதமிருந்தால், சமூகத்தில் சிலராவது அதைச் செய்வது கடமையின் பக்கத்தில் போய்விடுகிறது. இதை என் கருத்தாகவே எடுங்கள். ஆலிம்கள் இருந்தால் பதில் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 14

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். நாளை மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு காஸாவுக்காகப் பள்ளிக்கு முன்னால் நிற்கப் போகிறார்களாம், ஹஸ்ரத்துக்கு விருப்பமில்லையாம்.

முதலில் ஹஸ்ரத்திடம் போய்ப் பேசுங்கள். பள்ளி வாசல் வேண்டாம் என்றால் வாசலை விடுங்கள், எதிர்ப்பக்க நடைபாதை போதும். பொலிஸுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பஸ் நிற்கும் இடத்தை மறிக்காதீர்கள், வழிவிட இரண்டு பேரை அதற்கென்றே நிறுத்துங்கள். பதாகையில் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சடிக்காதீர்கள். யூத மதத்தை ஏசும் வாசகத்தோடு யாராவது வந்தால் அதைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அவரைக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். சிங்களத்திலும் எழுதுங்கள், பாதையில் போகிறவர்களுக்கு விளங்க வேண்டும். அஸருக்கு முன்னால் கலைந்துவிடுங்கள். போகும்போது குப்பையைப் பொறுக்கிக்கொண்டு போங்கள்.

நானும் வருகிறேன்.